பேறுகாலம் எங்கே, யார் கையில்: அம்மா வீடா, சொந்த வீடா, பேக்கேஜா?

வளைகாப்பு முடிந்ததும் வீட்டில் அடுத்த பேச்சு இதுதான்: பிரசவம் ஆனபிறகு எங்கே இருப்பது? முன்பு இதைப் பற்றிப் பேசவே தேவையிருக்காது. தலைப்பிரசவம் என்றால் அம்மா வீடு. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்து மாமியார் வீட்டார் வந்து கூட்டிப் போவார்கள். இப்போது அப்படி ஒரே வரியில் முடிவதில்லை. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் வேலை சென்னையில், அம்மா இருப்பது தேவகோட்டையில். ஒன்பது மாதமும் பார்த்த டாக்டர் சென்னையில். அம்மாவுக்கே மூட்டுவலி, சர்க்கரை. சில அம்மாக்கள் இன்னும் வேலைக்குப் போகிறவர்கள். இன்னொரு பக்கம் 'பிரசவ ரட்சை' என்று போர்டு போட்டு, எண்ணெய், குளியல், கஷாயம் எல்லாம் சேர்த்து நாள் கணக்கில் பேக்கேஜாக விற்கிறார்கள்.

ஆக, வழிகள் மூன்று. அம்மா வீட்டுக்குப் போவது, சொந்த வீட்டிலேயே இருந்துகொண்டு அம்மாவையோ சம்பள ஆளையோ வரவழைப்பது, பேக்கேஜ் எடுப்பது. மாமியார் வீடு என்று நான்காவதாக ஒன்றும் உண்டு, அதைப் போகிற போக்கில் சொல்கிறேன்.

இவற்றை ஒப்பிட உட்காருகிறவர்கள் பத்தியம் யார் சமைப்பார்கள், லேகியம் யார் கிண்டுவார்கள், தலைக்கு யார் ஊற்றுவார்கள் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால் முதல் கேள்வி வேறு. ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அழுது, பால் குடித்து முடித்ததும் அதை வாங்கித் தோளில் போட்டு, ஏப்பம் வரவைத்து, துணி மாற்றித் தூங்கவைப்பது யார்? அந்த ஆள் எந்த வீட்டில் இருக்கிறாரோ அங்கே இருப்பதுதான் சரி. மற்றதெல்லாம் அப்புறம்.

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். அதற்கு ராத்திரி பகல் கிடையாது. தாயின் உடம்புக்கோ அப்போதுதான் வேலை தொடங்கியிருக்கும். பிரசவம் முடிந்த கையோடு கர்ப்பப்பை ஏறக்குறைய 1 கிலோ எடை இருக்கும், ஆறு வாரத்தில் சுருங்கி 100 கிராமுக்கும் கீழே வந்துவிடும். நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடம் உள்ளே ஒரு பெரிய புண். அது ஆற ஆறத்தான் உதிரப்போக்கு சிவப்பிலிருந்து பழுப்பாகி, வெளுத்து, நான்கு முதல் ஆறு வாரத்தில் நிற்கும். பாட்டிமார் 'பச்சை உடம்பு' என்று நாற்பது நாள் வைத்ததும், ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் கழித்து வரச் சொல்வதும் ஏறத்தாழ ஒரே கணக்குதான். அந்த நாற்பது நாளும் அவள் அடுப்பங்கரைப் பக்கம் போகாமல், குடம் தூக்காமல் இருந்தாள் பாருங்கள், பழைய முறையின் பெரிய பலம் அதுதான். தீட்டு என்ற பேரில்தான் அந்த ஓய்வு கிடைத்தது என்பது வேறு விஷயம். தீட்டெல்லாம் பார்க்காத வீடுகளில் ஓய்வும் சேர்ந்தே காணாமல் போகிறது. குழந்தைக்குத் தொப்புள்கொடி விழுவதற்குள் தாய் லேப்டாப்பைத் திறந்துவிடுகிறாள்.

அம்மா வீடு

அம்மா வீட்டின் பெரிய லாபம் சாப்பாடு இல்லை, கூச்சமில்லாமல் இருக்கலாம் என்பதுதான். பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாக இருக்கும்போது, தையல் போட்ட இடம் சுருக் சுருக்கென்று இழுக்கும்போது, காரணமே இல்லாமல் அழுகை வரும்போது யார் என்ன நினைப்பார்களோ என்று யோசிக்க வேண்டியதில்லை. 'இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தும்மா' என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்கலாம். மாமியார் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் வீட்டில் மருமகள் பகல் பத்து மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கமாட்டாள். மாமியார் வீட்டை நான் நான்காவதாக வைத்ததற்கு இதுதான் காரணம். அதே மாமியார் மகன் வீட்டுக்கு வந்து தங்கினால் நிலைமை கொஞ்சம் மாறும்.

ஆனால் போய் இறங்குவதற்கு முன்னால் அம்மா வீட்டைப் புதுக் கண்ணோடு ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும். கக்கூஸ் எப்படி? குந்தி உட்காரும் வகை மட்டும்தான் என்றால் தையல் போட்டவளுக்கும் சிசேரியன் ஆனவளுக்கும் முதல் இரண்டு வாரம் பெரும் பாடு. கமோடு நாற்காலி ஒன்று முன்கூட்டியே வாங்கி வைத்துவிடலாம். படுக்கை மாடியிலா? கீழே ஓர் அறையை ஒழித்துக் கொடுங்கள். தரையில் பாய் வேண்டாம், கையை ஊன்றி எழ முடிகிற உயரத்தில் கட்டில் வேண்டும். ராத்திரியில் வண்டி கிடைக்குமா? ரத்த வங்கியும் ஆபரேஷன் தியேட்டரும் உள்ள ஆஸ்பத்திரி எத்தனை நிமிடத் தூரம்?

கடைசிக் கேள்வியைப் பலர் பிரசவ வலியோடு முடிந்துபோனதாக நினைக்கிறார்கள். அது தவறு. நின்றுபோன ரத்தப்போக்கு வாரக் கணக்கில் கழித்தும் திடீரென்று திரும்பலாம். ரத்த அழுத்தமோ பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகும். அதாவது ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து, எல்லோரும் அப்பாடா என்று உட்காருகிற நேரத்தில். கர்ப்பத்தில் பிரஷர் இருந்தவள் என்றால், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிற ஊரில் முதல் பத்து நாள் இருக்க வேண்டாம் என்றே சொல்வேன். அம்மா இங்கே வரட்டும், அப்புறம் ஊருக்குப் போய்க்கொள்ளலாம். எந்த வீடாக இருந்தாலும் பிரஷர் பார்க்கிற கருவி ஒன்று இருக்கட்டும்.

ஊரில் இருப்பதில் நகரத்தில் சுலபமாகக் கிடைக்காத ஒரு வசதி உண்டு. கிராம சுகாதார செவிலியரும் சுகாதார ஊழியரும் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். தேசியத் திட்டப்படி 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வர வேண்டும். அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஊர் மாறிப் போகிறவர்கள் கர்ப்பப் பதிவின்போது கொடுத்த பிக்மி எண்ணைக் கையோடு கொண்டுபோய், அந்த ஊர்ச் செவிலியரிடம் வந்திருக்கும் விவரத்தைச் சொல்லிவிட வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும்.

அம்மா வீட்டின் பெரிய நஷ்டம், குழந்தையின் அப்பா. மூன்று மாதம் சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகிற விருந்தாளியாக இருந்துவிட்டு, நான்காம் மாதம் திடீரென்று அவர் கையில் குழந்தையைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? மத்திய அரசு ஊழியராக இருந்தால் 15 நாள் தந்தை விடுப்பு உண்டு. தனியார் நிறுவனங்களுக்கு அப்படிக் கட்டாயச் சட்டம் இல்லை, கம்பெனி மனது வைத்தால்தான். கிடைக்கிற விடுப்பை ஆஸ்பத்திரி வராந்தாவில் காபி வாங்கிக் கொடுத்தே தீர்த்துவிடாமல், வீடு வந்தபிறகு எடுப்பது புத்திசாலித்தனம். மாமனார் வீட்டில் பத்து நாள் தங்க மாப்பிள்ளைக்குக் கூச்சம் என்றால், நாற்பது நாள் மட்டும் அங்கே இருந்துவிட்டு அவள் திரும்பி வரட்டும். மூன்றாம் மாதம், ஒற்றைப்படை மாதம் என்பதெல்லாம் பேசி மாற்றிக்கொள்ளக் கூடியவைதான்.

செலவையும் பேசிவிடுவது நல்லது. அம்மா வீட்டில் செலவே இல்லை என்பது மாப்பிள்ளை வீட்டுக் கணக்கு. தலைப்பிரசவ ஆஸ்பத்திரி பில், பத்தியம், பேர் வைக்கும் விசேஷம், குழந்தைக்குச் செயின் எல்லாம் பெண்ணின் அப்பா தலையில்தான் விழுகிறது. பேக்கேஜ் விலையைக் கேட்டதும் 'அவ்வளவா!' என்று வாயைப் பிளக்கிற அதே ஆட்கள் மாமனார் கட்டிய பில்லைப் பார்ப்பதே இல்லை.

சொந்த வீடும் வரவழைத்த ஆளும்

டாக்டர் பக்கத்தில், புருஷன் பக்கத்தில், தன் கட்டில், தன் பாத்ரூம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த வழி வெற்றியா தோல்வியா என்பது ஆளைப் பொறுத்தது, அந்த ஆளில் பல வகை.

காலையில் வந்து தாயையும் பிள்ளையையும் குளிப்பாட்டிவிட்டு ஒன்றரை மணி நேரத்தில் போகிற ஆயா ஒரு வகை. ஏஜென்சி மூலம் வந்து 24 மணி நேரமும் தங்குகிற ஹோம் நர்ஸ் இன்னொரு வகை. பெயரில் நர்ஸ் இருந்தாலும் பலர் நர்சிங் படித்தவர்கள் இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் மட்டும் வருகிறவர் மூன்றாவது. ஒருவருக்குத்தான் சம்பளம் கொடுக்க முடியும் என்றால் எதை எடுப்பது? பெரும்பாலோர் குழந்தையைப் பார்க்க ஆள் வைத்துவிட்டு, தாய் சமைக்கிறாள். இது தலைகீழ். சமையலுக்கும் துணி துவைக்கவும் ஆள் வையுங்கள். குழந்தையைத் தாயும் தகப்பனும் வந்திருக்கும் பாட்டியும் பார்த்துக்கொள்ளலாம். இன்னும் காசு இருந்தால் ராத்திரிக்கு ஆள் வையுங்கள், பகலுக்கு இல்லை.

எந்த ஆளாக இருந்தாலும் முதல் நாளே பேசிவிட வேண்டியவை சில. நாள்பட்ட இருமல் இருக்கிறதா? குழந்தையைத் தூக்குமுன் கை கழுவுவாரா? தாய்ப்பால் தவிர எதையும், சேனைத் தண்ணியோ (பிறந்ததும் நாக்கில் வைக்கிற இனிப்புத் தண்ணி) உரை மருந்தோ கிரைப் வாட்டரோ, கேட்காமல் வாயில் வைக்க மாட்டேன் என்று ஒப்புக்கொள்கிறாரா? இதைச் சொல்லத் தயங்குகிறவர்கள் கணவரைச் சொல்லச் சொல்லுங்கள். அவருக்கும் ஒரு வேலை ஆயிற்று.

அம்மாவே மகள் வீட்டில் வந்து தங்குவதுதான் என் பார்வையில் நகரத்துக் குடும்பங்களுக்கு மிகச் சரியான ஏற்பாடு, ஒரு நிபந்தனையோடு. வந்த அம்மா வேலைக்காரியாகிவிடக் கூடாது. புது ஊர், தெரியாத அடுப்பு, ஐந்தாவது மாடி, அதற்கு மேல் சமையல், குழந்தை, வருகிற விருந்தாளிக்குக் காபி என்றால் மூன்றாம் வாரம் அம்மா படுத்துவிடுவார். அவர் வந்தாலும் வேலைக்கு ஆள் வேண்டும்.

பேக்கேஜ்

பெரும்பாலும் கேரள வழி. கன்னியாகுமரி, கோவைப் பக்கம் இது பழகிய விஷயம், சென்னையிலும் இப்போது நிறைய. தன்வந்தரம் தைலம் தேய்த்து உடம்பு பிடித்துவிடுவது, மூலிகை போட்ட வெந்நீர்க் குளியல், வயிற்றுக் கட்டு, குடிக்கத் தசமூலாரிஷ்டம், ஜீரகாரிஷ்டம். ஒரு பெண் தினமும் வீட்டுக்கு வந்து செய்துவிட்டுப் போவார், அல்லது அவர்கள் இடத்திலேயே போய்த் தங்க வேண்டும்.

கைதேர்ந்த ஒருவர் முதுகும் தோளும் பிடித்துவிட்டால் கிடைக்கிற சுகத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். குனிந்து குனிந்து பால் கொடுத்துக் கழுத்து பிடித்துக்கொண்டவளுக்கு அது வரம்தான். ஆனால் வீட்டுக்கு வருகிற பேக்கேஜில் அது ஒன்று ஒன்றரை மணி நேரம். மீதி இருபத்திரண்டு மணி நேரத்துக்கு ஆள் யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதனால் பேக்கேஜை ஒரு வழியாகவே நான் எண்ணுவதில்லை. மேலே சொன்ன இரண்டில் ஒன்று இருந்து, கையில் காசும் இருந்தால் சேர்த்துக்கொள்கிற ஒரு சுகம், அவ்வளவே. 'கர்ப்பப்பை சுருங்கும், தொப்பை போகும், பால் பெருகும்' என்று விளம்பரத்தில் சொல்வதற்காக எடுக்க வேண்டாம். கர்ப்பப்பையைச் சுருங்க வைப்பது குழந்தை பால் குடிக்கும்போது உடம்பிலேயே ஊறுகிற ஆக்சிடோசின். அது இலவசம்.

அரிஷ்டம் என்பது ஊறவைத்துப் புளித்த மருந்து, அதில் தானாக உண்டாகும் ஆல்கஹால் உண்டு. பால் கொடுக்கிறவள் டாக்டரிடம் கேட்காமல் அளவு கூட்டக் கூடாது. பஸ்பம், செந்தூரம் என்று உலோகம் சேர்ந்த எதையும், படித்த சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் தொடவே வேண்டாம். அரசு ஆஸ்பத்திரிகள் பலவற்றில் சித்தப் பிரிவு இருக்கிறது. அங்கே போய்க் கேட்டால் பேக்கேஜ் காசில் பாதி மிச்சமாகும்.

எதைச் செய்வது, எதை விடுவது

எந்த வீட்டில் இருந்தாலும் பாட்டி முறை கூடவே வரும். அதை மொத்தமாக ஏற்பதோ மொத்தமாகத் தள்ளுவதோ தேவையில்லை.

குளியலைப் பாருங்கள். அண்டாவில் நொச்சி, வேப்பிலை, புளியிலை போட்டுக் கொதித்த தண்ணீர். தாயை மணையில் உட்கார வைத்து, நல்லெண்ணெய் தேய்த்து, மஞ்சள் பூசி, செம்பில் மொண்டு இடுப்பிலும் அடிவயிற்றிலும் வீசி அடிப்பார்கள். இடுப்பு வலிக்கு இதமாக இருக்கும், அதில் சந்தேகமில்லை. சூட்டைப் பார்ப்பது யார் என்பதில்தான் சிக்கல். ஆயா தன் கையை விட்டுப் பார்த்து 'சரியாத்தான் இருக்கு' என்பார். பல வருஷம் கொதிக்கிற தண்ணீரிலும் அடுப்பிலும் காய்த்துப்போன கை அது. தாயே தன் மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஊற்றிப் பார்த்துச் சொல்லட்டும். குளித்து எழும்போது தலை சுற்றும், பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும், தாழ்ப்பாள் போடக் கூடாது. சிசேரியன் என்றால் புண் ஆறி, டாக்டர் சரி என்கிறவரை அடிவயிற்றில் தண்ணீர் வீசுவதும் எண்ணெய் தேய்ப்பதும் கிடையாது. தமிழ்நாட்டில் 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 44.9 சதவீதப் பிரசவம் சிசேரியன். பாட்டிமாரின் முறையெல்லாம் சுகப்பிரசவத்துக்கென்று வந்தவை என்பதை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

வயிற்றைப் பழைய பருத்திப் புடவையால் கட்டுவது இடுப்புக்குத் தாங்கலாக இருக்கும். சிசேரியன் ஆனவள் இருமும்போதும் எழும்போதும் பெல்ட் போட்டால் வலி குறையும். ஆனால் கட்டினால் தொப்பை போகாது. மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் கீழ்நோக்கி இறங்கி, சிறுநீர்ப்பையும் கர்ப்பப்பையும் தாங்குகிற தசைகளுக்குத்தான் கேடு.

பத்தியத்தில்தான் நம் ஊர்கள் ஒவ்வொன்றும் தன் கைவரிசையைக் காட்டும். கடற்கரைப் பக்கம் பால்சுறா புட்டு, தெற்கே கருப்பட்டி போட்ட உளுந்தங்களி, சில வீடுகளில் சுண்டைக்காய் வற்றலும் வேப்பம்பூவும் சேர்ந்த அங்காயப் பொடி, யாழ்ப்பாணத்தில் மல்லி, மிளகு, சீரகம் அரைத்த சரக்குக் கறி. பூண்டு இல்லாத வீடே இல்லை. பூண்டு பால் பெருக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ஆனால் 1991-ல் அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வில், தாய் பூண்டு சாப்பிட்டபின் பாலின் வாசனை மாறியதும், குழந்தைகள் இன்னும் நேரம் எடுத்து மார்பில் ஒட்டியிருந்ததும் தெரிந்தது. எங்கள் பாட்டிகளுக்கு இது ஆச்சரியமாக இருந்திருக்காது.

சேர்ப்பதில் பிரச்சினை இல்லை, விலக்குவதில்தான் இருக்கிறது. பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 600 கலோரி கூடுதலாக வேண்டும். அந்த நேரத்தில் பழம் சீதளம், கீரை செரிக்காது, பருப்பு வாயு என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மிளகு ரசமும் சுட்ட அப்பளமும் கொடுத்தால் என்ன மிஞ்சும்? எல்லாவற்றிலும் மோசமானது தண்ணீரைக் குறைப்பது. 'தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும்' என்று நாளைக்கு இரண்டு டம்ளரில் நிறுத்துகிற வீடுகள் இன்னும் உண்டு. மலச்சிக்கல், தையல் பிரிகிற அளவு முக்கல், மூத்திரக் கடுப்பு எல்லாம் அதன் பின்னாலேயே வரும். படுக்கையிலேயே கிடந்து தண்ணீரும் குறைந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து வேறு. தாகம் எடுக்கிறபோதெல்லாம் குடிக்கட்டும், ஒவ்வொரு தடவை பால் கொடுக்கும்போதும் பக்கத்தில் ஒரு சொம்பு இருக்கட்டும். இரும்புச்சத்து மாத்திரையை 'சூடு' என்று நிறுத்துவார்கள். பிரசவத்துக்குப் பின் 180 நாள் அதைச் சாப்பிட வேண்டும் என்பது அரசுத் திட்டம். எந்த லேகியமும் அதற்கு ஈடாகாது.

லேகியத்துக்கு நான் எதிரியில்லை. நாட்டு மருந்துக் கடையில் பிரசவ மருந்துச் சாமான் என்று கேட்டால் சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம், வால்மிளகு, அதிமதுரம் எல்லாம் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். இளஞ்சூட்டில் வறுத்து, இடித்துச் சலித்து, கருப்பட்டிப் பாகில் தூவி, நல்லெண்ணெயும் நெய்யும் மாற்றி மாற்றி விட்டு, கையில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிண்டுவது. நெல்லிக்காய் அளவு போதும். 2015-ல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய குழந்தைப் பெட்டகத்தில்கூட தாய்க்கென்று சௌபாக்கிய சுண்டி லேகியம் இருந்தது. செரிமானத்துக்கு நல்லது, நாக்குக்கும் நல்லது. ஆனால் கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவளுக்கு இந்தக் கருப்பட்டியும் சர்க்கரைதான், டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். ஆறாம் வார வாக்கில் அவள் மறுபடி சர்க்கரைப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். பிரஷர் உள்ளவளுக்கு அதிமதுரம் ஆகாது, அது பிரஷரை ஏற்றும். கருவாட்டின் உப்பும் அப்படியே.

குழந்தை விஷயத்தில் எனக்கு இவ்வளவு தாராளம் கிடையாது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது, சேனை வைப்பது, தேன் தடவுவது, வசம்பும் மாசிக்காயும் உரசி ஊற்றுவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் ஊதுவது, மார்க்காம்பைப் பிதுக்குவது, தொப்புளில் எதையாவது பூசுவது, சாம்பிராணிப் புகையில் காட்டுவது, கண்ணுக்குள் மை: இவற்றில் ஒன்றுகூட வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். தேனில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்க வைக்கிற கிருமி இருக்கலாம். வெளியே இதமாக எண்ணெய் தேய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, உடனே துடைத்துத் தாயின் மார்போடு அணைத்துக்கொண்டால் போதும். அம்மா வீட்டில் பாட்டியிடம் 'வேண்டாம்' என்பது கஷ்டம், சம்பள ஆளிடம் சுலபம். ஒப்பீட்டில் சொந்த வீட்டுக்கு இது ஒரு கூடுதல் மதிப்பெண்.

மனசும், ஆபத்தும்

மூன்றாம் நாள், நான்காம் நாள் அழுகை வருவது சகஜம், இரண்டு வாரத்துக்குள் தெளிந்துவிடும். அதற்கு மேலும் தூக்கமில்லை, குழந்தை மேல் ஒட்டுதல் இல்லை, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்றால் அது செய்வினையும் இல்லை, திமிரும் இல்லை, மனச்சோர்வு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். செத்துப்போகும் நினைப்பு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவும் வேண்டாம், அவளைத் தனியே விடவும் வேண்டாம், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். எந்த வீட்டில் இருப்பது என்று முடிவெடுக்கும்போது இதையும் நினையுங்கள். 'பால் பத்தல போல', 'இதுவும் பொண்ணா' என்று தினம் இரண்டு வாய் வந்து சொல்லிவிட்டுப் போகிற வீடு, அம்மா வீடாகவே இருந்தாலும், நல்ல வீடு இல்லை. வாசலில் நின்று விருந்தாளிகளைத் திருப்பி அனுப்பத் தைரியமுள்ள ஒரு சித்தியோ அத்தையோ வீட்டில் இருப்பது எந்தத் தைலத்தையும்விட உபயோகம்.

கூட இருப்பவர் மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுக்க நனைகிற ரத்தப்போக்கு, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், நாற்றமடிக்கிற உதிரம், விடாத தலைவலி, கண் மங்கல், மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது. இவற்றில் எது வந்தாலும் கஷாயம் போட நேரமில்லை, 108.

அடுத்த பிரசவம்

இவ்வளவும் தலைப்பிரசவக் கணக்கு. இரண்டாவதுக்கு வரும்போது பலர் அதே திட்டத்தைத் தூசி தட்டி எடுக்கிறார்கள், அது ஓடாது. மூத்த குழந்தை பள்ளிக்கூடம் போகும், மூன்று மாதம் ஊருக்குக் கூட்டிப் போக முடியாது. அதை அப்பாவிடம் விட்டுவிட்டு அம்மா மட்டும் போனால், தம்பியோ தங்கையோ வந்ததால்தான் அம்மா காணாமல் போனாள் என்று அது முடிவு கட்டிவிடும். அம்மாவுக்கும் ஐந்தாறு வயது கூடியிருக்கும். அதனால் இரண்டாவதுக்குச் சொந்த வீடுதான் என்பது என் கட்சி. மாமியாரோ அம்மாவோ மாற்றி மாற்றி வந்து தங்கலாம், சமையலுக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். காலையில் மூத்ததைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவதும் ராத்திரி சின்னதை வாங்கிக்கொள்வதும் அப்பாவின் பொறுப்பு. சட்டப்படி 26 வார மகப்பேறு விடுப்பு இரண்டாவது குழந்தைக்கும் முழுசாக உண்டு, மூன்றாவதுக்குத்தான் 12 வாரமாகக் குறையும். அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்னாலேயே எடுக்கலாம் என்றாலும், உடம்பு ஒத்துழைத்தால் பின்னால் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மூத்த குழந்தையின் முழுப்பரீட்சையும் சின்னதின் நாற்பது நாளும் ஒன்றாக வந்தால் அந்த வாரங்கள் வேண்டியிருக்கும்.